நின்றுகொண்டே சிரிக்கச் சொன்னால்

அன்புள்ள மக்ளே,

உன் சூப்பர்வைசர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் நீ ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்க மாட்டாய். அந்தாளைப் பழித்துக்காட்டிச் சிரித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பாய். "மொகத்துல சிரிப்பு இல்ல, அதான் டார்கெட் போகல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். போன வாரம்தான் பயிற்சி கொடுக்க ஒருத்தர் வந்து உங்களையெல்லாம் கைதட்ட வைத்து, சந்தோஷமாக இருந்தால் விற்பனை தானாக வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் ஜவுளிக்கடை ஸ்டாஃப் வாசலில் சிரித்த முகம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் வேறு. "எனக்கு இந்த வேலை ஒத்து வராதோ அத்தை?" என்று நீ கேட்டிருக்கிறாய்.

போனில் பேசினால் உன் முதலாளியைத் திட்டிவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தால் நான் நீட்டிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற அன்றைக்கு வாசி.

அந்தப் பாதி உண்மையை முதலில் பார்ப்போம். நம் வீட்டு எம்.பி.ஏ.காரனிடம் கேட்டேன். கல்லூரியில் இதைப் பாடமாகவே நடத்துகிறானாம். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் டெலிகாம் கம்பெனியின் கால் சென்டர்களில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆறு மாதம் ஒரு கணக்கெடுத்திருக்கிறார்கள். சுமார் 1,800 பேர். வாரத்துக்கு ஒருமுறை ஈமெயிலில் ஐந்து முகம் வரும், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. இந்த வாரம் நீ எப்படி இருந்தாய் என்று ஒன்றைத் தொட வேண்டும். 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்: சந்தோஷமாக இருந்த காலத்தில் ஆட்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை காட்டியிருக்கிறார்கள். அதற்காகக் கூடுதல் நேரம் உட்காரவில்லை. அதே நேரத்துக்குள் அதிகம் பேரிடம் பேசினார்கள், பேசியவர்களில் அதிகம் பேர் வாங்கினார்கள்.

"வித்ததால சந்தோஷம் வந்துதா, சந்தோஷத்தால வித்தானா?" என்று கேட்டேன். என்னைப் போல் துணிக்கடையில் இருந்தவளுக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதானே. காலையிலேயே நல்ல போணி ஆனால் யாருக்குத்தான் முகம் மலராது? அதற்கு அவர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி வைத்திருந்தார்கள். போன் செய்கிற வாடிக்கையாளர் நாட்டில் எந்த மூலையிலும் இருப்பார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மூடிக்கிடக்கிற வானம் வேலை செய்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வானம் மூடிய நாட்களில், அதுவும் ஜன்னல் பெரிதாக இருந்த கட்டிடங்களில், ஆட்களின் மனசு இறங்கியது. அதோடு விற்பனையும் இறங்கியது. வாங்குகிறவருக்கு அந்த வானத்தோடு சம்பந்தமே இல்லை. ஆகவே மனசுதான் விற்பனையை இழுக்கிறது என்று முடிவு கட்டினார்கள்.

சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஜன்னலில் தெரிகிற மூட்டத்துக்கே இந்தப் பாடு என்றால், காலை ஒன்பதரைக்கு ஃப்ளோர் ஏறி ராத்திரி ஒன்பது மணிக்கு இறங்குகிற ஒருத்தியின் கெண்டைக்கால் வலிக்கு எவ்வளவு விற்பனை குறையும்? மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. நமக்கோ எடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. உங்கள் கடையில் ஜன்னலே கிடையாது என்பதால் தப்பித்தீர்கள்.

அந்த ஆய்வில் யாரும் ஆட்களைப் பார்த்து 'சந்தோஷமாக இரு' என்று உத்தரவு போடவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். உங்களிடம் இதுவரை யாராவது அப்படிக் கேட்டார்களா? உன் சூப்பர்வைசர் எதிர்பார்ப்பது சந்தோஷம் மாதிரி ஒரு முகம். அந்த முகத்தை வைத்திருப்பதும் ஒரு வேலைதான் என்று ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற அமெரிக்கப் பேராசிரியை 1983-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். டெல்டா விமானக் கம்பெனியின் பணிப்பெண்களை வைத்து எழுதியது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று நாள் முழுக்க இழுத்துப் பிடித்திருப்பவருக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் தன் முகம் தனக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுவதாக உன் அப்பா குறைபட்டான். உனக்குக் குணம் மாறிவிட்டது என்று அவன் நினைக்கிறான். பதினொன்றரை மணி நேரம் இழுத்துக் கட்டியது வீட்டுப் படியில் அவிழ்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இனி உன் காலைப் பற்றிப் பேசுவோம்.

நீ பிறப்பதற்கு முன்னால் இருந்த ஜவுளிக்கடைகளை நீ பார்த்ததில்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. அதன் மேல் மெத்தை, மெத்தை மேல் வெள்ளை விரிப்பு. விற்கிறவர் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வருகிறவர்களுக்கு எதிரே பெஞ்சு. சில கடைகளில் அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பிலேயே ஏறி உட்காருவார்கள். புடவையை மடியிலிருந்து உதறி விரித்தால் அது மெத்தை மேல் முழு நீளத்துக்கும் போய் விழும். நாகர்கோவிலில் மீனாட்சிபுரத்திலும் கோட்டாற்றிலும் அப்படித்தான் இருந்தது. நான் வேலை பார்த்த கைத்தறிச் சங்க விற்பனை நிலையத்திலும் முதலில் மேடைதான். பிறகு கவுண்டர் வந்தபோது பின்னால் ஸ்டூல் வந்தது. ஆக, துணி விற்கிறவர் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழக்கமே இல்லை. கண்ணாடி ஷோரூமும் ஏ.சி.யும் கேமராவும் வந்தபோது கூடவே வந்த பழக்கம் அது. இடம் இல்லாமல் நாற்காலி போடவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நாலு மாடிக் கடையில் நாற்பது ஸ்டூலுக்கு இடமில்லையா?

காரணம் வேறு. நம் ஊரில் யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது ரொம்பப் பழைய கணக்கு. தோளில் சீலை போட்டுக்கொள்வதற்கே 1859 வரை சண்டை போட்ட பெண்களின் மண் இது. அப்போது அடங்கியிருப்பதற்கு அடையாளம் திறந்த தோள். இப்போது கடைக்குள் நிற்கிற கால். முதலாளிக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நிற்பதுதான் மரியாதை, உட்கார்ந்தால் சோம்பேறி என்பது அவர் கண்ணில் அவருக்கே தெரியாமல் ஊறிக் கிடக்கிறது.

இதை முதலில் உடைத்தது பக்கத்து மலையாளத்துப் பெண்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், நீர்க்கடுப்பு வந்து கிடந்தார்கள். பி. விஜி என்ற தையல்காரப் பெண் அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பு தொடங்கினார். கழிப்பறைக்காகத் தொடங்கிய பேச்சு உட்காருவதில் வந்து நின்றது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் பெண்கள் சிலர் வாசலில் உட்கார்ந்து, நூறு நாளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2018-ல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று எழுதியது. அந்த வருஷம் பி.பி.சி. உலகம் முழுக்க எடுத்த நூறு பெண்கள் பட்டியலில் விஜியும் இருந்தார்.

நம் சட்டசபையில் 2021 செப்டம்பரில் அதே மாதிரி திருத்தம் வந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் சட்டம் உண்டு, இந்தப் பக்கமும் உண்டு. நடுவில் உங்கள் மூன்றாவது மாடி மட்டும் எந்த ராஜ்ஜியம் என்று தெரியவில்லை.

'அங்காடித் தெரு' படம் பார்த்திருப்பாய். 2010-ல் வந்தது, வசந்தபாலன் எடுத்தது. வசனம் நம்ம நாகர்கோவில்காரர் ஜெயமோகன். ரங்கநாதன் தெருக் கடையில் நம் தென்மாவட்டப் பிள்ளைகள் படுகிற பாடு. அதைப் பார்த்து அழுதுவிட்டு அதே வாரம் அதே தெருவில் போய்த் தள்ளுபடியில் துணி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். நானும் அந்தக் கும்பலில் ஒருத்திதான் என்று வைத்துக்கொள். வாங்குகிறவர் இரக்கப்பட்டு ஒன்றும் மாறிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் கேட்கவேண்டியவர்கள் நீங்கள்தான். நீ தனியாகப் போய்க் கேட்காதே. தனியாகக் கேட்டால் 'அந்தப் பொண்ணு சரியில்ல' என்று ஆகிவிடும். உன் செக்ஷனில் இருக்கிற நாலைந்து பேராகப் போங்கள், அதிலும் வயதில் மூத்த ஒருத்தி முன்னால் நிற்கட்டும். சட்டத்தை முதல் நாளே எடுத்து வீசவேண்டாம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலரை வரை ஆள் வருகிறதில்லை, அந்த நேரத்துக்குக் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கால் ஓய்ந்த பிறகு சாயங்காலக் கூட்டத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. முதலாளிக்கு நஷ்டம் இல்லாத இடத்தில் ஆரம்பித்தால் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும். அதையும் மறுத்தால் நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. மே 1, ஆகஸ்டு 15 அன்றைக்கு லீவும் விடாமல் இரட்டைச் சம்பளமும் கொடுக்காத கடைகள் மீது நடவடிக்கை என்று பேப்பரில் வருமே, அது இவர்கள் எடுப்பதுதான்.

கால் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உன் லீவு எந்த நாள் என்பது உனக்கே முந்தின நாள் ராத்திரிதான் தெரிகிறது. இது கால் வலியை விடக் கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. உன் சிநேகிதிக்குக் கல்யாணம், வருவேன் என்றும் சொல்ல முடியவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3-ஆம் தேதி மாவட்டத்துக்கே லீவு விடுகிறார்கள். உங்களுக்கு அன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கிறது. ஓணத்துக்கும் அதே கதை. கடை திறந்திருப்பதில் தப்பில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையை வருஷம் முழுக்கத் திறக்கலாம் என்று 2019-லேயே அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒருநாள் முறைவைத்து லீவு கொடுக்கவேண்டும், இன்றைக்கு யாருக்கு லீவு என்று கடையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. உங்கள் கடையில் அந்தப் பட்டியல் எங்கே தொங்குகிறது என்று ஒருநாள் கண்ணை ஓட்டிப் பார்.

வேலை நாளையும் லீவு நாளையும் நிலையாக வைப்பதால் முதலாளிக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். லாபம் இருக்கிறது. அமெரிக்காவில் 'கேப்' என்கிற துணிக்கடைக் கம்பெனியின் 28 கடைகளில் 2015, 2016-ல் ஒரு சோதனை நடந்தது. எல்லாக் கடைகளிலும் யார் எந்த ஷிஃப்ட் என்பதை இரண்டு வாரம் முன்னாலேயே சொன்னார்கள்; அதற்கு மேல் சில கடைகளில் மட்டும் ஷிஃப்டுகளை நிலையாக வைத்து, தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் விட்டார்கள். மற்றக் கடைகளில் இந்த இரண்டாவது ஏற்பாடு இல்லை. நிலையாக வைத்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் ஏறியது. வேலை செய்தவர்களின் தூக்கமும் தேறியது. யாரும் யாருக்கும் கைதட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை நேரத்தை நிலைப்படுத்தினார்கள், அவ்வளவுதான். அந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற இடத்தில் லீவுப் பட்டியலை ஒட்டச் சொல்லலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

இதெல்லாம் அவர்கள் பக்கம். உன் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லாமல் விட்டால் உன்னைக் கொஞ்சிக் கெடுத்ததாக ஆகும்.

எங்கள் கடையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். முப்பது வருஷம் துணி விற்றவர். நான் பார்க்க ஒருநாளும் பல் தெரியச் சிரித்ததில்லை. "வாங்கோ" என்பதையே யாரையோ கண்டிப்பது மாதிரி சொல்வார். ஆனால் குலசேகரத்திலிருந்தும் அழகியபாண்டிபுரத்திலிருந்தும் கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே "அண்ணாச்சி இருக்கேரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவர் இல்லை என்றால் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஏன் தெரியுமா? "இந்தச் செவப்பு எளகும், எடுக்காதீங்கோ, மருமவளுக்குக் குடுத்து ஆயுசு பூரா சொல்லு கேக்கணும்" என்று விலை கூடின புடவையைத் தானே மடித்து ஓரம் வைப்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். டார்கெட் என்ற சொல் அப்போது இல்லை. இருந்திருந்தால் எங்கள் எல்லோர் டார்கெட்டையும் அவர் ஒருத்தரே அடித்திருப்பார்.

சிரிப்புக்கும் விற்பனைக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது என்பதை அவரிடம் பார்த்தேன். கையில் இருக்கிற சரக்கைப் பற்றிய அறிவு. அது இருக்கிறவள் முன்னால் வாடிக்கையாளர் எரிந்து விழுந்தாலும் அவள் ஒடுங்கிப்போக மாட்டாள், ஏனென்றால் பேச அவளுக்கு ஒரு பொருள் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் நிற்கிறவளுக்குக் கொடுக்க முகம் மட்டும்தான் உண்டு. அதனால் திட்டும் நேராக முகத்தில் விழுகிறது. நீ இரண்டு வருஷமாகப் புடவை செக்ஷனில் இருக்கிறாய். கைத்தறியையும் விசைத்தறியையும் பார்த்த மாத்திரத்தில் உன்னால் பிரிக்க முடியுமா? கைத்தறித் துணியின் இரண்டு கரையோரத்திலும் சின்னச் சின்ன ஊசித் துளை இருக்கும். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கக் குத்துகிற குச்சியின் தடம் அது. காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை என்பது உடலும் கரையும் வேறு வேறு நாடாவில் நெய்து பின்னிக் கோத்தது. திருப்பிப் பார்த்தால் அந்தக் கோத்த இடம் தெரியும், அதுதான் அதன் விலை. பட்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஓரத்து நூலை ஒன்று உருவி வீட்டில் வைத்துக் கொளுத்திப் பார். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடித்துப் பொடியாகும். பருத்தி, காகிதம் எரிகிற மாதிரி எரிந்து மெத்தென்ற சாம்பல் விடும். பாலியஸ்டர் உருகி மணியாகக் கட்டிக்கொள்ளும். கடைக்குள் தீப்பெட்டி எடுத்துவிடாதே.

அடுத்த ஓணத்துக்கு உன்னிடம் செட்டுமுண்டு கேட்டு வருவார்கள். கசவு எதில் ஆனது, வெள்ளிக் கம்பியில் பொன் முலாம் பூசியதா, செம்புக் கம்பியா, வெறும் பிளாஸ்டிக் ஜரிகையா என்று சொல்லத் தெரிந்தால் அந்த அம்மாள் உன் பேரைக் கேட்டுக்கொண்டு போவாள். பாலராமபுரம் நெசவு என்று திருவனந்தபுரத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்களே, அதைத் தொடங்கியவர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாலராம வர்மா மகாராஜா காலத்தில் நம் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு போன சாலியர்கள். இதை ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார், பேச்சு எப்படித் திரும்புகிறது என்று. அறுபது புடவை விரித்துப் போட்ட பிறகு "பின்ன வரலாம்" என்று எழுந்து போகிறவர்கள் அப்போதும் போவார்கள்தான். ஆனால் அன்றைக்கு உனக்கு அறுபது புடவையை மடித்தது மட்டும் மிஞ்சாது.

இப்படி வருகிற சந்தோஷத்துக்குச் சூப்பர்வைசர் தேவையில்லை. அவர் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. கடை மாறினாலும் உன்னோடு வரும்.

ஆனால் இதைச் சாக்காக வைத்து மற்றதை விட்டுவிடாதே. 'வேலையை நேசி, கால் வலி தெரியாது' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறவர்கள். வலி தெரியும். நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு எந்த ஜரிகை அறிவும் அதை நிமிர்த்தாது. இரண்டையும் சேர்த்துப் பிடி.

இன்னொன்று. இதை உன் மெசேஜில் நீ சொல்லவில்லை, ஆனால் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினாயே, அங்கே இருந்தது. பி.காம். படித்துவிட்டுத் துணிக்கடையிலா என்று நம் ஊர்ப்பக்கம் தடிக்காரன்கோணத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே படிப்பறிவு கூடின மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். படித்தவர்கள் இத்தனை பேருக்கும் ஏற்ற நாற்காலி வேலை இங்கே இல்லை. பாதிப்பேர் வெளியூர் போகிறார்கள், வெளிநாடு போகிறார்கள். போகாதவர்கள் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கன்னியாகுமரி லாட்ஜ் ரிசப்ஷனிலும் நிற்கிறார்கள். அதில் வெட்கப்பட உனக்கு என்ன இருக்கிறது? உன் பாட்டி முந்திரி ஆலையில் தோடு உடைத்தவள். அந்தத் தோட்டுப் பாலில் விரல் கருத்துத் தோல் உரிந்து, பிடித்துப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். சந்தோஷமாக இருக்கிறாயா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அவள் பேத்தியான உன் காலத்தில் அந்தக் கேள்வி வேலை செய்கிற இடத்துக்குள் வந்துவிட்டது. அதுவரைக்கும் நல்லது. உன்னைக் குற்றம் சொல்வதற்காக அது வந்திருப்பதுதான் கோளாறு.

ஒத்து வருமா வராதா என்ற உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். வேலை உனக்கு ஒத்து வரும் என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயசில் என் பீரோவைத் திறந்து புடவையை எல்லாம் கரை வாரியாக அடுக்கியவள் நீ. அந்தக் கடை ஒத்து வருமா என்பது தனிக் கேள்வி. ஸ்டூல் கேட்டுப் பாருங்கள், லீவுப் பட்டியல் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிகிறவரை பார். கேட்டதற்காக உன்னை வேறு செக்ஷனுக்குத் தள்ளினால், திட்டு கூடினால், அடுத்த கடை தேடு. அனுபவம் உள்ள புடவை செக்ஷன் பெண்ணை நாகர்கோவிலில் எந்தக் கடையும் திருப்பி அனுப்பாது. ஆனால் கையில் வேறொன்றைப் பிடிக்காமல் இருக்கிற வேலையை விடாதே. ரோஷம் வந்து பாதி மாதத்தில் நின்றுவிட்டால் அந்தப் பாதி மாதச் சம்பளத்துக்கு நீ நடையாக நடக்க வேண்டும்.

போவதற்கு முன்னால் கணக்கைச் சரி பார்த்துக்கொள். சட்டப்படி உனக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் நிறுத்தினால் கூடுதல் நேரத்துக்கு இரண்டு பங்குச் சம்பளம். தொடர்ந்து நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை. உங்களுக்குச் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் என்று நீ சொன்ன ஞாபகம். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் உன் பேரில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொள், கடை மாறினாலும் அது மாறாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உன்னிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடவேண்டியது 3.25. அது இருந்தால் காலுக்கு வைத்தியமும் கிடைக்கும், டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். இந்த வருஷம் முழுக்க உன் காசில் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறாய் என்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

நாளைக்கே உன் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. சீட்டே கொடுப்பதில்லை என்றால் பேங்கில் ஏறின தொகையும் சொன்ன சம்பளமும் எவ்வளவு என்று எழுதி அனுப்பு, நம் எம்.பி.ஏ.காரனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். செருப்பு குதிகால் தேய்ந்துதான் இருக்கும், மாற்று. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை
கோட்டாறு